அளவுநாடாவின் கீழ் வரி

நிலைப்படியில் கால் ஊன்றி நிற்பவர்களை அவர் பொறுத்ததே இல்லை. நான் முதன்முதலில் அங்கே போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பதுக்கு, மழையில். சப்பாத்தைக் கழற்ற வேண்டுமா என்று யோசித்தபடி, வாசலின் குறுக்கே கிடந்த உயரமான மரக்கட்டையின் மேல் ஒரு காலை வைத்து நின்றேன். உள்ளிருந்து ஒரு பெண்குரல் தமிழில் "வா" என்றது. கிழக்கு லண்டனில், ஒரு சீனக் குடும்பத்தின் முன்னோர் மண்டபத்தில், அந்தச் சொல்லை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. திகைத்து அப்படியே நின்றேன். "போ" என்றது குரல்.

உள்ளே போனேன்.

அவருக்கு அப்போது எழுபது வயது இருக்கும். மெலிந்த, நிமிர்ந்த உடம்பு. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையின் பையில் ஒரு இரும்பு அளவுநாடா எப்போதும் கனத்துத் தொங்கும். மலாயாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர். சின்ன வயதில் கேட்ட தமிழில் அந்த இரண்டு சொற்கள்தான் மிஞ்சியிருந்தன. 'இரு' என்ற சொல் தெரியாதா என்று பிறகொரு நாள் கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "கேட்டிருக்கிறேன். எனக்குத் தேவைப்படவில்லை" என்றார். மற்றபடி நாங்கள் பேசியதெல்லாம் ஆங்கிலத்தில். ஆனாலும் இங்கே எழுதும்போது அவர் என்னை 'நீ' என்றுதான் சொல்கிறார். வேறு விதமாக அவர் குரல் எனக்குக் கேட்கவில்லை.

கட்டடங்களை அளந்து வரைபடம் எடுப்பது என் தொழில். மண்டபத்தின் கூரையைத் திருத்தக் கவுன்சிலிடம் அனுமதி கேட்டிருந்தார்கள். அதற்கு வரைபடம் வேண்டியிருந்தது. ஃபாரஸ்ட் கேட் ரயில் நிலையத்திலிருந்து பன்னிரண்டு நிமிட நடை. ஒரு பக்கம் டயர்க் கடை, மறுபக்கம் சலவைக் கடை. வெளியிலிருந்து பார்த்தால் பழைய செங்கல் பண்டகசாலை. இரும்புக் கதவைத் திறந்து நான்கு அடி நடந்தால் உள்ளே இன்னொரு கட்டடம் நிற்கும். தென்சீனத்தில் அவர்களுடைய ஊருக்குள் பெருஞ்சாலை வந்தபோது, குடும்பத்தார் மண்டபத்தை ஒவ்வொரு மரமாகக் கழற்றி, இலக்கமிட்டு, பெட்டிகளில் அடைத்து இங்கே கொண்டுவந்து மறுபடி பொருத்தியிருந்தார்கள். உத்தரங்களின் அடியில் அந்த இலக்கங்கள் இன்னும் இருந்தன. தூணும் உத்தரமும் ஒன்றுக்குள் ஒன்று செருகி நின்றன. நான் தேடிய அளவில் ஓர் ஆணிகூட இல்லை.

முன்மண்டபம், அதன் பின்னால் திறந்த முற்றம், அதற்கும் பின்னால் பெரிய மண்டபம். ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு படி உயரம். பதினான்கு சென்ரிமீற்றர், இரண்டு இடத்திலும் ஒரே அளவு. வாசலுக்கு நேரே பலகைத் தடுப்பு ஒன்று நின்றது. வழிபாட்டு நாட்களில் மட்டும் அதைத் திறப்பார்கள். மற்ற நாட்களில் பக்கவாட்டில் சுற்றித்தான் போக வேண்டும். முற்றத்துக்கு மேலே பண்டகசாலைக் கூரையை வெட்டித் திறந்துவிட்டிருந்தார்கள். நான்கு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் மழை உள்நோக்கி விழுந்து, நடுவிலிருந்த கல்தொட்டியில் சேர்ந்தது. லண்டன் மழை ஒரு வீட்டின் நடுவில் விழும் சத்தத்தை நான் அங்கேதான் கேட்டேன்.

பின்மண்டபத்தின் சுவரில், கோயில் கொலுப்போல, ஐந்து தட்டுகள். அவற்றில் மரத்தாலான பெயர்ப்பலகைகள், ஒரு சாண் உயரத்தில், நெருக்கமாக நின்றன. மேல்தட்டில் மிகப் பழையவர்கள். எல்லாவற்றிலும் பொன்னெழுத்து. சிலவற்றில் மட்டும் பெயரின் மேல் சிவப்புத் தாள் ஒட்டியிருந்தது.

"அவர்கள் இன்னும் சாகவில்லை" என்றார் அவர், என் பார்வையைக் கவனித்து. "இடம் பிடித்து வைத்திருக்கிறோம். செத்ததும் தாளை உரிப்பேன்."

உரிப்பது அவர் வேலை. கூட்டுவது, தூபம் ஏற்றுவது, பலகை வெட்டுவது எல்லாமே அவர் வேலைதான். நான் லேசர் கருவியால் ஒன்றை அளந்து எழுதியதும், பின்னாலேயே வந்து தன் நாடாவால் அதை அளந்து பார்ப்பார். அந்த நாடாவில் சென்ரிமீற்றர் எண்களோடு இரண்டு வரி சீன எழுத்து இருந்தது. மேல் வரி உயிரோடிருப்பவர்களுடைய கதவுக்கும் கட்டிலுக்கும். கீழ் வரி இறந்தவர்களுடைய கல்லறைக்கும் பலகைக்கும். இரண்டு வரியிலும் சிவப்பு நல்ல அளவு, கறுப்பு கெட்ட அளவு. நாற்பத்தைந்து சென்ரிமீற்றர் ஒரு வரியில் சிவப்பாகவும் மற்றதில் கறுப்பாகவும் இருக்கலாம்.

"உன் கருவி எத்தனை என்று மட்டும் சொல்கிறது" என்றார். "யாருக்கு என்று கேட்பதில்லை."

குடும்பச் சங்கத்தின் செயலாளர் ஒரு பல்வைத்தியர், அந்தப் பெண்மணியின் தம்பி முறையானவரின் மகன்; அவரை அத்தை என்பார். ஒரு தடவை செயலாளர் கைத்தொலைபேசியைக் காதில் வைத்தபடி நிலைப்படியில் ஏறி நின்றுவிட்டார். அத்தை விளக்குமாற்றோடு போய் அவருக்கு முன்னால் நின்றார். செயலாளர் பேச்சை முடிக்காமலே பின்வாங்கித் தெருவுக்கு இறங்கினார். பிறகு என்னிடம், "வாசலுக்கு விசா கொடுக்கும் அதிகாரி எங்கள் அத்தைதான். எனக்கு நிராகரித்துவிட்டார்" என்றார். நாங்கள் இருவரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

பக்க அறையில் ஒரு குழல்விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. மின்சாரக்காரர் திங்கட்கிழமை வருவதாக இருந்தார். அதுவரை பொறுக்காமல் அத்தை நாற்காலியில் ஏறி விளக்கைக் கழற்றிச் சாய்த்து வைத்தார். "எரியட்டும். அல்லது அணையட்டும்." அந்த நான்கு நாளும் நான் டோர்ச் வெளிச்சத்தில் அளந்தேன்.

புறா விஷயத்தை நான் வீட்டில் எவருக்கும் சொல்லவில்லை. ஒரு நாள் அது கூரைத் திறப்பினூடாக முற்றத்தில் விழுந்தது. ஒரு சிறகு முறிந்திருந்தது. தொட்டியின் ஓரத்தில் வட்டமடித்தது. விலங்குகளுக்கான இலவச எண் ஒன்று இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன் என்று தொலைபேசியை எடுத்தேன். அவர் குந்தி உட்கார்ந்து அதை நெடுநேரம் பார்த்தார். எனக்கு அதில் இரக்கம் தெரிந்தது. இப்போதும் அது இரக்கம்தான் என்றே நினைக்கிறேன். "நடுவில் கிடக்கிறது" என்றார். "நீ தூணை அள." தூண் பக்கம் திரும்பினேன். கல் அடித்தளத்தின் விட்டத்தை எழுதி முடித்துத் திரும்பியபோது அவர் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று வாசலுக்கு வெளியே இருந்தது.

தன் விஷயத்திலும் அவர் அப்படித்தான். பிறந்த வீட்டு மண்டபத்தில் மணமாகாத மகளுக்குப் பலகை வைக்கும் வழக்கம் இல்லை. மணந்திருந்தால் கணவன் வீட்டு மண்டபத்தில் கிடைத்திருக்கும். அவர் மணக்கவில்லை.

"அப்படியானால் உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"வெளியே."

"கவலையாக இல்லையா?"

"வெளியே என்பதும் ஒரு இடம்தான்" என்றார்.

வரைபடம் முடிந்த பிறகும் நான் அங்கே போய்வந்தேன். இலையுதிர்கால வழிபாட்டுக்குக் கட்டடத்தை அளந்தவன் வரவேண்டும் என்று கூப்பிட்டார். அன்றைக்குத் தடுப்பைத் திறந்திருந்தார்கள். வாசலிலிருந்து ஐந்து தட்டும் நேராகத் தெரிந்தன. பக்க அறையில், அந்தக் குடும்பத்தில் பிறக்காமல் மண்டபத்துக்கு உழைத்த தச்சர், ஓடு வேய்ந்தவர் போன்றோருக்கு ஒரு சிறிய தட்டு உண்டு. எனக்கும் அங்கே ஒரு பலகை வைக்கப் போவதாகச் சொல்லி மேசையில் உட்கார்ந்து தூரிகையை எடுத்தார். "வீட்டுக்கு ஒரு பலகை. வீட்டின் மூத்த ஆணின் பெயர். பிறந்த நாள், பிறந்த நேரம்."

எங்கள் ஆட்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஆர்ச்வே முருகன் கோயிலில் ஐயர் அர்ச்சனைத் தட்டை வாங்கிக்கொண்டு பேரும் நட்சத்திரமும் கேட்டால், முப்பது வருடமாக அம்மா சொல்லும் ஒழுங்கு வாயில் தானாக வரும். அந்த ஒழுங்கில் முதல் பெயர் அண்ணையுடையது. அப்பா போய்விட்டார், மூத்த ஆண் அண்ணை. அவருடைய பெயரைச் சொன்னேன். நாளைச் சொன்னேன். விடிகாலை ஐந்து பன்னிரண்டு என்று நேரத்தையும் சொன்னேன். இறந்தவர் என்றால் இறந்த நாளையும் கேட்பவருக்குச் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. நான் பிறந்த நேரத்தோடு நிறுத்தினேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. நாடாவின் மேல் வரியைப் பார்த்துப் பலகையை வெட்டி, பெயரின் ஒலியைச் சீன எழுத்தில் எழுதி, சிவப்புத் தாளை ஒட்டினார்.

அண்ணை காணாமற்போனவர். யாழ்ப்பாணத்தில், இருபத்திரண்டு வயதில், திருத்தக் கொடுத்த மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வாறன் என்று சைக்கிளில் போனார். கடைக்காரர் அவர் வரவில்லை என்றார். அதற்கு மேல் எவரும் ஒன்றும் சொல்லவில்லை. உடம்பு இல்லை, சைக்கிள் இல்லை. அம்மா அவருக்குத் திதி கொடுக்க விடவில்லை. அப்பா இங்கே இறந்தபோது கொள்ளிவைக்க நான் நின்றேன். ஐயர் மூத்த மகன் எங்கே என்று கேட்டார். "அவன் வரேலாமல் நிக்கிறான், இவன் அவனுக்குப் பதிலாச் செய்வான்" என்றா அம்மா. எந்தப் படிவத்திலும் பிள்ளைகள் இரண்டு என்றே எழுதுவா. எண்பத்து நான்கு வயதில், ஸ்ட்ரெதம் வீட்டில், அம்மாவை எழுப்பி உட்காரவைத்தது அந்த எண்ணிக்கைதான். அதைக் கைவைத்துக் குறைக்க எனக்குத் துணிவு வந்ததில்லை.

மண்டபத்துப் பலகையைப் பற்றிச் சொன்னபோது அம்மா சந்தோஷப்பட்டா. "சீனரின்ர கோயில்லயும் அவன்ர பேர் இருக்கோ. நல்லது. அந்த மனுசிக்குப் பயத்தம் பணியாரம் செய்து தாறன், கொண்டுபோய்க் குடு."

நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு, "உன் அண்ணன் எப்போது வருகிறான்?" என்று கேட்டார். சிவப்புத் தாளுக்குக் கீழே இருப்பவர் வருடத்துக்கு ஒரு தடவை தன் பலகையை வந்து பார்க்க வேண்டும். அது அங்கத்தைய வழக்கம். பொய் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை.

நடந்ததைச் சொன்னேன். முழுவதையும் கேட்டார். "உயிரோடா, இல்லையா?"

"தெரியாது."

"எத்தனை வருடமாகத் தெரியாது?"

"முப்பத்து நான்கு."

பக்க அறைக்குப் போய்ப் பலகையைத் தட்டிலிருந்து எடுத்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் தடுமாறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"என் கையைத் தப்பான வரியில் வைத்துவிட்டாய்" என்றார். "தெரியாது என்று இங்கே ஒரு தட்டு இல்லை."

"அப்படியே இருக்கட்டுமே. யாருக்கு என்ன கெடுதல்?"

"அவனுக்கு. முப்பத்து நான்கு வருடமாக வாசலில் நிற்கிறான். உள்ளே விடவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை." பிறகு, "உன் அம்மாவைக் கூட்டி வா" என்றார். "அல்லது எனக்கு விலாசத்தைக் கொடு."

நான் விலாசத்தைக் கொடுக்கவில்லை. ஏழு வாரம் அந்தப் பக்கம் போகவும் இல்லை. ஆனால் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தா. "ஒருக்கா அந்தச் சிவப்புத் தாளைப் பாக்க வேணும் மோனை. எப்ப கூட்டிக்கொண்டு போவாய்?" காரணம் சொல்லிச் சொல்லிக் களைத்து, ஒரு சனிக்கிழமை டாக்சியில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் என் மடியில் பணியாரப் பெட்டி இருந்தது. முற்றத்துப் புறாவை ஏனோ நினைத்துக்கொண்டேன்.

நிலைப்படியின் உயரம் முப்பத்தெட்டு சென்ரிமீற்றர். அளந்தவன் நான்தான், ஆனால் அம்மாவின் முழங்கால்களைப் பற்றி யோசிக்கவில்லை. வோக்கரைத் தள்ளிக்கொண்டு அம்மா வாசல்வரை வந்தா. ஒரு காலைத் தூக்கிப் பார்த்தா. ஏலவில்லை. உள்ளே அவர் நின்றுகொண்டிருந்தார்.

"வா" என்றார்.

"என்னடா இது, மாட்டைக் கூப்பிடுற மாதிரி" என்றா அம்மா. "ஏலாது பிள்ளை. கால் எழும்புதில்லை." சொல்லிவிட்டுத் திரும்பி, மெதுவாக, அந்தக் கட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டா.

எங்கள் வீட்டிலும் வாசற்படியில் உட்காரக் கூடாது. அம்மாவே எத்தனையோ தடவை எங்களை எழுப்பியிருக்கிறா. 'போ' என்ற சொல் வரும் என்று காத்துக்கொண்டு நின்றேன். அவர் கையில் விளக்குமாறு இல்லை. அண்ணையின் பலகை இருந்தது. கிட்ட வந்து, அம்மாவுக்கு முன்னால் தரையில் முழங்காலிட்டார்.

"கேள்" என்றார் என்னிடம். "அவள் மகன் இருக்கிறானா, செத்துவிட்டானா என்று கேள்."

நான் அம்மாவிடம், "தண்ணி வேணுமோ எண்டு கேக்கிறா" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தா. "நான் இந்த நாட்டுக்கு வந்து இருபத்தெட்டு வருசம்" என்றா. "அவ்வளவு இங்கிலீஸ் எனக்கு விளங்கும்."

பிறகு கையை நீட்டினா. அவர் பலகையைக் கொடுத்தார். அம்மா அதை மடியில் வைத்து, சிவப்புத் தாளின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தா. முற்றத்தில் தூறல் விழத் தொடங்கியிருந்தது.

"அவன் வரமாட்டான் எண்டு எனக்குத் தெரியும்" என்றா அம்மா, என்னைப் பார்க்காமல். "கண்ணாடிக் கடைக்காரன் வரேல்லை எண்டு சொன்ன அண்டைக்கே தெரியும். ஆனா என்ர வாயால சொல்லமாட்டன். சொல்லு அவவுக்கு. நான் போன பிறகு இதை உரிக்கட்டும். அதுவரைக்கும் தொடக் கூடாது."

இந்தத் தடவை சொல்லுக்குச் சொல் சரியாக மொழிபெயர்த்தேன். ஒரு நாள் வரப்போகும் முடிவு. அது அவருக்குப் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தலையை ஒருமுறை ஆட்டி, பலகையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அம்மா எழும்புவதற்கு முன் அவர் பையிலிருந்து நாடா வெளியே வந்தது. அம்மாவின் உச்சியிலிருந்து கட்டைவரை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். எந்த வரியைப் பார்த்தார் என்று நான் கவனித்தேன். அதை அன்றைக்கு எழுதி வைக்கவில்லை.

அடுத்த மாதம் முதலாந் தேதி, காலை பத்து மணிக்கு, என் தொலைபேசி அடித்தது.

"உன் அம்மா?" என்றார் அவர்.

"இருக்கிறா."

வைத்துவிட்டார்.

இது இரண்டு வருடமும் மூன்று மாதமும் நடந்தது. ஒவ்வொரு முதலாந் தேதியும், பத்து மணி. வணக்கம் இல்லை, வேறு கேள்வி இல்லை. ஒரு தடவை அம்மா நெஞ்சில் சளியோடு ஆஸ்பத்திரியில் இருந்தா. "இருக்கிறா, ஆனால்" என்று தொடங்கினேன். "ஆனால் வேண்டாம்" என்றார். அவர் அம்மாவுக்குக் கெடுதல் நினைத்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மாதத்தின் கடைசி நாட்களில் எனக்குச் சரியான நித்திரை வந்ததில்லை. இருபத்தேழு அழைப்பும் நாட்குறிப்பில் இருக்கின்றன.

இருபத்தெட்டாவது வரவில்லை. பத்தரை மணிவரை தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன்: நிம்மதியாக இருந்தது. மூன்றாந் தேதி செயலாளர் பேசினார். அத்தை முந்திய வியாழக்கிழமை இறந்துவிட்டார் என்றார். எனக்கு ஒரு பொட்டலம் வைத்திருப்பதாகவும் சொன்னார்.

தகனம் முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு போனேன். கூட்டப்படாத மண்டபத்தில் தொட்டி நிறைய இலை கிடந்தது. வாசலின் இடது ஓரத்தில், நிலைப்படியின் குறுக்கே, ஒடுக்கமான ஒரு மேசை போட்டிருந்தார்கள். இரண்டு கால் உள்ளே, இரண்டு கால் வெளியே. அதன் மேல் சாம்பல் பெட்டியும், பக்கத்தில் எழுத்தில்லாத ஒரு பலகையும் இருந்தன.

"சங்கத்தில் ஒத்துவரவில்லை" என்றார் செயலாளர், என் முகத்தைப் பார்க்காமல். "வழக்கப்படி உள்ளே வைக்கக் கூடாது என்று பாதிப் பேர். இவ்வளவு செய்தவரை வெளியே வைக்கக் கூடாது என்று பாதிப் பேர். தற்காலிகம்தான்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"தெரியாது" என்றார்.

பக்க அறையில் அண்ணையின் பலகை தட்டில் இருந்தது. சிவப்புத் தாளின் ஒரு மூலைகூடக் கிளம்பியிருக்கவில்லை. அத்தை வாக்கைக் காப்பாற்றியிருந்தார். பொட்டலத்தில் அந்த நாடா மட்டும் இருந்தது.

ஸ்ட்ரெதம் வந்து அம்மாவிடம் சொன்னேன். மேசையின் நான்கு கால்களையும் சொன்னேன்.

"அப்ப அவவும் வாசற்படியிலதானோ" என்றா அம்மா. பிறகு, "மாதா மாதம் அவ கேக்கிறது எனக்குத் தெரியும். நீ கதவைச் சாத்திப்போட்டுக் கதைச்சாலும் கேக்கும். அவ கேக்கிறாவே எண்டு நானும் இருந்தன்" என்றா. போர்வையைச் சரிசெய்துகொண்டா. "இனி நீ எடு. ஆராவது கேக்க வேணும்."

அதிலிருந்து பதினொரு மாதமாக, முதலாந் தேதி காலை பத்து மணிக்கு, நான் அம்மாவின் இலக்கத்தை அழுத்துகிறேன்.

"அம்மா?"

"இருக்கிறன்" என்கிறா. வைத்துவிடுகிறா.

நான் அதை எழுதுகிறேன். நாட்குறிப்பு இருக்கும் அதே இழுப்பறையில்தான் நாடாவும் இருக்கிறது. மேசை இன்னும் வாசலில் நிற்கிறது. தாளை உரிக்கவேண்டியவன் இனி நான். ஒரு முதலாந் தேதி மணி அடித்துக்கொண்டே இருக்கும். அன்றைக்கு அம்மாவுக்கும் அண்ணைக்குமாக இரண்டு பலகை வெட்ட வேண்டும். எந்த வரியைப் பார்த்து வெட்டுவது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.